எந்த வீட்டில் எப்போது தீரும்

ஜவ்வாது மலையில் எங்கள் கேஸ் வண்டிக்கு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை உண்டு. அதை விட்டால் அடுத்த வாரம்தான். போளூரிலிருந்து ஏறினாலும் ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறினாலும் வளைந்து வளைந்துதான் ஜமுனாமரத்தூர் வர வேண்டும். அதற்கப்பால் உள்ள சில சிற்றூர்களுக்கு வண்டி பாதி தூரம்தான் போகும். மீதி தூரம் தோள்.

அதனால் எந்த வீட்டில் எப்போது கேஸ் தீரும் என்பது மனசில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் வெந்நீருக்கே பாதி போய்விடும். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்குத் திரும்பினால் ஒரு மாதம் வர வேண்டியது பத்து நாளில் தீரும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை டேங்கரில் கொண்டுவந்து ஹோஸ் வைத்து வீட்டுத் தொட்டியில் நிரப்புகிறார்கள். நாளுக்கு நாள் எவ்வளவு குளிர், அந்த வீடு முன்பு எவ்வளவு எரித்தது என்று கணக்குப் போட்டு, வீட்டுக்காரர் கேட்கும் முன்பே வண்டி போய்விடுமாம். படித்தபோது அது நம் தொழில்தான் என்று பட்டது. தொட்டியும் ஹோஸும்தான் வேறு.

சிலிண்டரைக் கொடுக்கும்போது, பதிவு செய்த போனுக்கு வந்த நாலு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். மலையில் அந்தப் போன் பெரும்பாலும் திருப்பூரில் மகனின் சட்டைப் பையில் இருக்கும். முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைக்கிறேன். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று கேட்டு வந்து, சுவரில் கரியால் எழுதி வைத்திருப்பார்கள்.

வாசலில் இறக்கியதும் எடை போட்டுக் காட்டுவேன். கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் 15.3 என்றிருந்தால் அது வெறும் இரும்பின் எடை. அதோடு 14.2 கிலோ கேஸ் சேர்ந்து தராசு முள் 29.5-ல் நிற்க வேண்டும். இன்னொரு பட்டையில் சி-27 என்பது போல ஒன்று இருக்கும். 2027-ல் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். ஏ, பி, சி, டி நான்கும் மூன்று மூன்று மாதம். பிறகு சீலை உடைத்து மூடியைக் கழற்றி, வால்வுக்குள் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, வாயில் துளி தண்ணீர் விடுவேன். குமிழ் வந்தால் அது வீட்டுக்குள் போகாது. "நீ சொன்னா சரிதாம்பா, உள்ள வை" என்று ஆயாக்கள் சொல்வார்கள். நான் விடுவதில்லை. கண்ணால் பார்க்க முடியாத பொருளுக்குக் காசு வாங்குகிறோம். முள்ளையாவது அவர்கள் பார்க்க வேண்டும்.

உஜ்வாலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. அதற்கும் முன்பே தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்திருந்தது. இருந்தும் மலையில் விறகடுப்பு போகவில்லை. "வருஷத்துக்கு நாலு சிலிண்டர்தான் எடுக்கிறார்கள், இவர்களுக்கு எதற்குக் கேஸ்" என்று கீழே சிலர் பேசுவதைக் கேட்கும்போது கோபம் வருகிறது. மார்கழி விடியலில் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கேஸ் அடுப்பு சோறாக்கும், வீட்டைச் சூடாக்காது. விறகடுப்பு மண்சுவர் வரைக்கும் சூட்டை ஏற்றிவிடும். அதன் புகையில்தான் மேலே பரணில் இருக்கும் சாமை விதைக்கு வண்டு வராது, கூரை உளுக்காது. அதே புகைதான் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. அதனால் விடிகாலைக் காபிக்கும் ராத்திரி குழந்தைக்குப் பால் காய்ச்சவும் கேஸ், குளிருக்கு விறகு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் தெரிகிறது.

என் பயமெல்லாம் இரண்டும் ஒரே அறையில் இருப்பதுதான். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க உயர்த்திக் கட்டிய வாசற்படி, கேஸையும் உள்ளேயே நிறுத்திவிடும். அது நேராகத் தணலுக்குப் போகும். கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் மெர்காப்டான் நாற்றமும் புகை படிந்த வீட்டில் சட்டென்று மூக்குக்குப் பிடிபடாது. ஆகவே சிலிண்டரை வாசல் பக்கம், தணலிலிருந்து எட்ட வைக்கச் சொல்கிறேன். அடுப்பு அதைவிட உயரத்தில் திண்டின்மேல் இருக்க வேண்டும். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூட வேண்டும். கசிவுக்குக் கூப்பிட வேண்டிய 1906 எண்ணையும் கரி எழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

குளிர் மாதங்களில் "எடை குறைச்சல்" என்று புகார் வரும். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியாக வெளியிலிருந்து சூடு வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்கு ஏறக்குறைய பூஜ்ஜியம் வேண்டும். சிலிண்டர் தீரும் தறுவாயில் பியூட்டேன்தான் அதிகம் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் மலைக்குளிரும் சேர்ந்தால் தீ சிறுத்துப்போகும். வெயில் ஏறினால் மறுபடி எரியும். அதற்குப் பொறுக்காமல் சாய்த்து வைக்கிறார்கள், வெந்நீரில் நிறுத்துகிறார்கள். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டர் வழியாக வந்து தீ சீறும். வெயில் ஏறும் வரை பொறுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்கிறேன்.

உஜ்வாலாவில் 14.2 கிலோவுக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர் எடுத்துக்கொள்ளலாம். மலைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். கூலி கிடைத்த அன்றே காசு கொடுத்துவிட முடியும். வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு பெண்ணே வந்து தூக்கிக்கொண்டு போகலாம், என் தோளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சீக்கிரம் தீரும் என்பது உண்மைதான். அதற்காக ஊரில் ஒரு வீட்டில் இரண்டு மூன்றை இருப்பு வைக்க முடியுமா என்று விசாரித்தேன். குடியிருக்கும் வீட்டில் வேண்டாம், ஊருக்கு வெளியே காற்றோட்டமான கூண்டு வேண்டும் என்றார்கள். சரியான பேச்சு. இப்போது வண்டி நிற்கும் இடங்களில் கூண்டு போட நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.