பாலைவனத்துல அருகம்புல் நட்டவர்

செமஸ்டர், ப்ராஜெக்ட்னு இங்க ஆணி கொஞ்சம் அதிகம். படிக்கிறது நீர் மேலாண்மை, இருக்கிறது ஷார்ஜா. இந்தத் தடவை ப்ராஜெக்டுக்கு நான் எடுத்திருக்கிறது கோல்ஃப் மைதானத்துப் பாசனம். "புல்லுக்குத் தண்ணி ஊத்தவா அவ்ளோ காசு கட்டிப் படிக்கிற?"ன்னு அம்மா கேட்டாச்சு. அதனால நீங்க புதுசா கேக்க ஒண்ணும் இல்ல :-)

கோல்ஃப்னா எனக்கு முன்னாடி டைகர் உட்ஸ் மட்டும்தான். 2004-ல புர்ஜ் அல் அரப் உச்சியில இருக்கிற ஹெலிகாப்டர் தளத்துல நின்னு கடலுக்குள்ள பந்து அடிச்சாரே, அந்த போட்டோ. மைதானத்தை ஒருத்தர் உக்காந்து வடிவமைக்கணும், அதுக்குன்னே ஆர்க்கிடெக்ட் இருக்காங்கன்னு இங்க வந்துதான் தெரியும். படிக்கப் படிக்க திரும்பத் திரும்ப ஒரே பேர் வந்துச்சு: பீட்டர் ஹாராடைன். ஸ்விட்சர்லாந்து ஆர்க்கிடெக்ட். அப்பா டொனால்ட் ஹாராடைனும் அதே தொழில், ஐரோப்பாவுல ஏகப்பட்ட மைதானம் போட்டவர். மகன் அதே வேலையை வளைகுடா மணலுக்குக் கொண்டுவந்தார். தோஹா கோல்ஃப் கிளப், அபுதாபி கோல்ஃப் கிளப்போட நேஷனல் மைதானம், ஜெபல் அலி, ஷார்ஜா, ராஸ் அல் கைமாவுல அல் ஹம்ரா... எல்லாம் அவர் கைதான். கத்தார் மாஸ்டர்ஸ் 1998-ல தொடங்கினது தோஹா மைதானத்துல. அபுதாபி சாம்பியன்ஷிப் 2006-லேர்ந்து 2021 வரைக்கும் நேஷனல்லதான் நடந்துச்சு. ஜெர்மனியோட மார்ட்டின் கெய்மர் அங்க மூணு தடவை ஜெயிச்சார்.

கெய்மர் பேரைக் கேட்டா கோல்ஃப் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். அவர் நடந்த தரையைப் போட்டவர் பேரைக் கேட்டா முழிப்பாங்க. அந்த வயித்தெரிச்சலை அப்புறம் வச்சுக்கறேன்.

புல்லு வர்றதுக்கு முன்னாடியும் வளைகுடாவுல கோல்ஃப் இருந்துச்சு. எண்ணெய்க் கம்பெனி ஆளுங்க மணல்லயே ஆடினாங்க. மணல்ல எண்ணெயைக் கலந்து இறுக்கி, அதுல குழி போட்டு, கிரீனுக்குப் பதிலா அதை 'பிரவுன்'னு சொல்லுவாங்க. ஆடுறவர் கையில ஒரு துண்டு செயற்கைப் புல்லுப் பாய். பந்து விழுந்த இடத்துல பாயை விரி, பந்தை மேல வை, அடி, பாயைச் சுருட்டு, நட. முதல்ல படிச்சப்ப வாய்விட்டுச் சிரிச்சேன். இப்ப யோசிச்சா அதைவிடத் தண்ணி மிச்சம் பண்ற ஐடியா கிடையாது.

1988-ல துபாயில எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்போட மஜ்லிஸ் மைதானம் திறந்தாங்க. வடிவமைச்சது கார்ல் லிட்டன்னு ஒரு அமெரிக்கர். மணலுக்கு நடுவுல 18 குழிக்கும் பச்சைப் புல். மறு வருஷமே அங்க டெஸர்ட் கிளாசிக் போட்டி. அதுக்கப்புறம்தான் ஊர் ஊரா மைதானம் முளைச்சது, ஹாராடைனுக்கும் கை நிறைய வேலை.

18 குழின்னு அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "அவ்ளோதானா? நம்ம கொல்லையே அதைவிடப் பெருசாச்சே"ன்னார். அவருக்குக் குழின்னா நில அளவு, நூறு குழி ஒரு மா. இது பந்து விழுற குழிப்பா, மொத்தம் நூத்தம்பது ஏக்கர் வரும்னதும் ரெண்டு நிமிஷம் பேச்சே இல்ல.

நாங்க நாகப்பட்டினம் பக்கம், கடைமடை. 2004 சுனாமியில கடல் வயலுக்குள்ள வந்துட்டுப் போச்சு. அப்புறம் ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, மழைத்தண்ணியைக் கட்டி வடிச்சு ஒருவழியா மண்ணைத் தேத்தினாங்க. ஆனா ஒரு அஞ்சு மா மட்டும் இன்னிக்கும் உவர். வெயில் காலத்துல மேல வெள்ளையா பூத்துக் கிடக்கும். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த வெள்ளையைப் பார்த்துத்தான்.

இங்கயும் எதிரி அதே உப்புதான். கடலோரத்துல 'சப்கா'ன்னு சொல்ற உப்புத்தரை, கொஞ்சம் தோண்டினா உப்புத்தண்ணி. அதுக்கு மேல புல் வளரணும்னா முதல்ல தரையை உயர்த்தணும். ஏரி வெட்டின மண்ணைக் கொட்டித்தான் மேடு போடுறது வழக்கம். அந்த ஏரிக்கு அடியில ஷீட் விரிச்சா பாசனத்துக்குத் தண்ணி தேக்கி வச்சுக்கலாம். குளம் வெட்டின மண்ணுல கரை போடுற நம்ம ஊர்க் கணக்குதான். தண்ணி பெரும்பாலும் சுத்திகரிச்ச கழிவுநீர், இல்லன்னா கடல்நீரைக் குடிநீராக்கினது. கோடையில ஒரு மைதானம் ஒரே நாள்ல பல லட்சம் லிட்டர் குடிக்கும். புல் குடிக்கிறதுக்கு மேலயும் கொஞ்சம் கூடுதலா விடணும், அந்த மிச்சத் தண்ணிதான் உப்பைக் கரைச்சு வேருக்குக் கீழ தள்ளும். தள்ளின உப்பு வெளிய போகக் குழாய் வேணும். பந்தை உருட்டுற கிரீனுக்கு அடியில மட்டும் முப்பது சென்டிமீட்டர் மணல், அதுக்குக் கீழ பத்து சென்டிமீட்டர் சரளை, அதுக்கும் கீழ வடிகால் குழாய். டிவியில தெரியுறது மேல இருக்கிற மூணு மில்லிமீட்டர் புல்லு மட்டும்தான்.

அந்தப் புல்லு என்னன்னு நினைக்கிறீங்க? பெர்முடா புல். பேரைக் கேட்டா ஏதோ வெளிநாட்டு சரக்கு மாதிரி இருக்கும், பார்த்தா நம்ம பிள்ளையாருக்குப் போடுற அருகம்புல்! அதோட கலப்பின வகைங்க. உப்பு ரொம்ப ஓவரான இடத்துல பாஸ்பலம்னு வேற ஒரு கடற்கரைப் புல். குளிர்காலத்துல அருகு பழுத்துடும், அப்ப மேலாக ரை புல் விதைச்சுப் பச்சை காட்டுவாங்க. போட்டி பலதும் ஜனவரி, பிப்ரவரியில இல்லையா, டிவிக்குப் பச்சை வேணுமே.

வடிவமைக்கிறவர் திறமை எத்தனை புல் போட்டார்ங்கிறதுல இல்ல, எங்க போடாம விட்டார்ங்கிறதுலதான்னு எனக்குத் தோணுது. தோஹாவுல சுண்ணாம்புப் பாறைகளை அப்படியே விட்டு, பெரிய பெரிய கள்ளிச்செடி வச்சிருக்காங்க. அல் ஹம்ராவுல கடல்தண்ணி வந்து போற காயலைச் சுத்தியே ஆட்டம். பாறைக்கும் காயலுக்கும் யாரும் தண்ணி பாய்ச்ச வேண்டியதில்லை.

இப்ப அந்த வயித்தெரிச்சலுக்கு வர்றேன். 2000-க்கு அப்புறம் இங்க வில்லா விக்க மைதானம் தேவைப்பட்டுச்சு, மைதானத்தை விக்க ஆட்டக்காரர் பேர் தேவைப்பட்டுச்சு. மாண்ட்கோமரி, எல்ஸ், நார்மன்னு வரிசையா போர்டு. லிட்டன் 1996-ல போட்ட வாதி மைதானத்தை நிக் ஃபால்டோ பிற்பாடு மாத்தி அமைச்சார், இப்ப அது ஃபால்டோ மைதானம். ஆட்டக்காரருக்கு ஆட்டம் தெரியும், மறுக்கல. ஆனா வடிகால் குழாய் எந்தச் சரிவுல போகணும்னு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டவன் பேர் எந்த போர்டுலயும் இல்ல. ஹாராடைன் பேராவது தேடினா கிடைக்குது.

ஒரு மைதானத்துல வேலை பார்க்கிற மன்னார்குடி அண்ணன் ஒருத்தர் எனக்குப் பழக்கம். விடியறதுக்கு முன்னாடி போய் கிரீன்ல பனியைத் துடைச்சு, பழைய குழியை மூடி, வேற இடத்துல 108 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புதுக்குழி வெட்டுறது அவர் வேலை. "தம்பி, ஊர்ல அருகைக் களை எடுத்தே என் இடுப்பு ஒடிஞ்சுது. இங்க அதுக்கு முடி வெட்டி விட்டுச் சம்பளம் வாங்குறேன்"னார். பதினோரு வருஷமா புல்லு மேல நடக்கிறார், ஒரு ஆட்டம் ஆடினதில்ல. ஆடணும்னு ஆசை இருக்காண்ணேன்னு கேட்டேன். "வெயில்ல எவன் நடப்பான்"னு முடிச்சுட்டார் :-)

போன வாரம் அப்பா கேட்டார், "அந்த ஆர்க்கிடெக்டு நம்ம கொல்லைக்கு வந்தா என்னப்பா பண்ணுவாரு?"

சும்மா சொல்லிட முடியல. அபுதாபி காசு நம்மகிட்ட இல்ல, கூடுதலா விட நல்ல தண்ணியும் கடைமடைக்கு எப்பவாவதுதான் வருது. ஆனா அவர் முதல்ல கேக்கிற கேள்வி, வடியிற தண்ணி எங்க போகும்ங்கிறதா இருக்கும்னு சொன்னேன். எங்க கொல்லைக்குத் தெற்கால வடிவாய்க்கால் இருக்கு. காட்டாமணக்கு மண்டி வருஷக்கணக்கா அடைஞ்சு கிடக்கு. உப்பு இறங்கிப் போக வழியே இல்ல, அப்புறம் ஜிப்சம் மூட்டை மூட்டையா கொட்டி என்ன ஆகப்போகுது?

அப்பா உடனே ஒண்ணும் சொல்லல. மறுநாள் அம்மா போன் பண்ணினாங்க, வாய்க்கால்ல ரெண்டு ஆளை இறக்கியிருக்கார்னு. பக்கத்துக் கொல்லைக்காரரும் ஒரு ஆள் கூலி தர்றேன்னிருக்காராம். ஐப்பசி மழைக்குள்ள முடியுமான்னு பார்க்கணும்.

வளைகுடாப் பதிவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தக் கால மணல் மைதானத்துல ஆடினவங்க, இல்ல பிரவுன்ல எண்ணெய் ஊத்தி இழுத்துவிட்டு வேலை பார்த்த நம்மாளுங்க யாரையாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. பழைய போட்டோ இருந்தா இன்னும் நல்லது.