எது உண்மையான ஐரிஷ் பாட்டு?

மார்ச் 17 வந்தால் ஒரு சண்டை. டிசம்பர் 25 நெருங்கினால் இன்னொரு சண்டை. ஐரிஷ் நாட்டுப்புற இசையையும் பங்க் ராக்கையும் கலந்து வாசிக்கும் குழுக்களின் ரசிகர்களுக்கு வருடத்தில் இரண்டு பண்டிகை என்றால் இரண்டு விவாதம் என்று பொருள். புனித பேட்ரிக் தினத்தன்று எந்தக் குழுவின் பாட்டைப் போடுவது, எது உண்மையான ஐரிஷ், எது வெறும் பீர் பார்ட்டி என்பது முதல் சண்டை. கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றில் வரும் ஒரு வசைச்சொல்லை வைத்துக்கொள்வதா, வெட்டுவதா என்பது இரண்டாவது.

இந்த இசைக்கு அப்பன் யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1982ல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தொடங்கிய 'போக்ஸ்' குழுதான் அது. முதலில் 'போக் மஹோன்' என்று பெயர் வைத்தார்கள். ஐரிஷ் மொழியில் அதற்கு "என் பின்புறத்தை முத்தமிடு" என்று அர்த்தம்! அர்த்தம் புரிந்தவர்கள் புகார் செய்ய, பெயர் பாதியாகச் சுருங்கியது. தகரக் குழல், பாஞ்சோ, அக்கார்டியன் என்று தாத்தா காலத்து வாத்தியங்களை எடுத்துக்கொண்டு பங்க் வேகத்தில் வாசித்தார்கள். பாடகர் ஷேன் மெக்கவன் பல்லும் போய், குடியும் சேர்ந்து, பாதி பாட்டும் பாதி உளறலுமாகப் பாடினாலும் எழுதிய வரிகள் கவிதையாக இருந்தன.

பிறகு அமெரிக்காவில் பிள்ளைகள் பிறந்தார்கள். 1996ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சியில் 'டிராப்கிக் மர்ஃபீஸ்', அதே காலகட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸில் 'ஃப்ளாகிங் மாலி'. டிராப்கிக் மர்ஃபீஸின் பாஸ்டன் பாட்டு 2006ல் 'தி டிபார்ட்டட்' படத்தில் வந்த பிறகு உலகம் முழுவதும் கேட்டது. மார்ச் மாதத்தில் அவர்கள் பாஸ்டனில் நடத்தும் கச்சேரிகள் ரசிகர்களுக்குத் திருவிழா மாதிரி.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது. போக்ஸ் ரசிகர் சொல்வார்: மற்றவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள், பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வருடத்தில் ஒருநாள் ஐரிஷ்காரர் ஆகிறவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு 'பிளாஸ்டிக் பேடி' என்று ஒரு கேலிப்பெயரே உண்டு. பாஸ்டன் ரசிகர் விடமாட்டார்: பஞ்சத்தில் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் நாங்கள், எங்கள் குழு தொழிலாளர்களுக்காகவும் தொழிற்சங்கத்துக்காகவும் பாடுகிறது, உங்களுக்கு என்ன தெரியும் என்பார்.

பிறந்த ஊரை வைத்துத் தீர்ப்பு சொல்லலாம் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஐரிஷ் இசையின் அடையாளமான மெக்கவன் 1957ல், அதுவும் கிறிஸ்துமஸ் நாளில், பிறந்தது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில். பெற்றோர் ஐரிஷ்காரர்கள். சிறு வயதில் சில காலம் அயர்லாந்தின் டிப்பரேரியில் வளர்ந்தார், அவ்வளவுதான். அவரோடு குழுவைத் தொடங்கியவர்களில் பலர் ஆங்கிலேயர்கள். மாறாக, அமெரிக்கக் குழு என்று ஒதுக்கப்படும் ஃப்ளாகிங் மாலியின் பாடகர் டேவ் கிங் அசல் டப்ளின்காரர்!

பண்டிகையின் கதையும் இதேதான். நியூயார்க்கில் 1762லேயே பேட்ரிக் தின ஊர்வலம் போனவர்கள் பிரிட்டிஷ் படையில் வேலை பார்த்த ஐரிஷ் வீரர்கள். அயர்லாந்திலோ அது பெரும்பாலும் கோயிலுக்குப் போய்வரும் நாள். 1920களில் வந்த சட்டம் அன்று மதுக்கடைகளை மூடவே வைத்தது, 1960களின் தொடக்கம் வரை அப்படித்தான் இருந்தது. இன்று டப்ளினில் நடக்கும் பெரிய விழா 1996ல்தான் ஆரம்பித்தது. ஊரை விட்டுப் போனவர்கள் வளர்த்த கொண்டாட்டம், பிறகு ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. இசையும் அப்படித்தான் வந்தது. அதனால் "வெளியூர்க்காரர்கள் செய்தது போலி" என்று சொன்னால் முதலில் அடிபடுவது போக்ஸ்தான்.

அப்படியென்றால் போக்ஸ் ரசிகரின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. 1974ல் பர்மிங்காம் மதுக்கடைகளில் குண்டு வெடித்த பிறகு இங்கிலாந்தில் ஐரிஷ் உச்சரிப்போடு பேசுவதே சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. அந்த வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி போக்ஸ் 1988ல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். பிரிட்டனின் தனியார் வானொலி, தொலைக்காட்சிகளைக் கண்காணித்த ஆணையம் அதை ஒலிபரப்பத் தடை விதித்தது. அந்த ஆறு பேரும் விடுதலையானது 1991ல். அந்தக் காலத்தில் தலைகுனிந்து நடந்த லண்டன் ஐரிஷ் பிள்ளைகளுக்கு இந்தக் குழு தந்தது வெறும் ஆட்டம் அல்ல, தலை நிமிர ஒரு காரணம். அதே இசை இன்று பிளாஸ்டிக் தொப்பியோடு பீர் விற்கப் பயன்படும்போது அவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும்?

ஆனால் பாடியவர்கள் ரசிகர்கள் அளவுக்குக் கறாராக இருக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 2001ல் டிராப்கிக் மர்ஃபீஸ் வெளியிட்ட 'சிங் லவுட், சிங் ப்ரவுட்' ஆல்பத்தில் ஒரு பாட்டில் விருந்தாளியாக வந்து பாடியவர் யார் தெரியுமா? சாட்சாத் ஷேன் மெக்கவன்! எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்களோ, அந்தக் கோட்டை அவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் சண்டையும் இப்படித்தான். 1987ல் மெக்கவனும் கிர்ஸ்டி மெக்காலும் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' அயர்லாந்தில் முதலிடமும் பிரிட்டனில் இரண்டாமிடமும் பிடித்தது. கனவோடு நியூயார்க் வந்து தோற்றுப்போன ஒரு ஜோடி பண்டிகை நாளில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதுதான் பாட்டு. அதில் அவள் சொல்லும் ஒரு சொல் ஓரினச்சேர்க்கையாளர்களை இழிவு செய்வது. 2007ல் பிபிசி ரேடியோ 1 அதை மறைத்து ஒலிபரப்பி, எதிர்ப்பு வந்ததும் அன்றே பின்வாங்கியது. 2020ல் மறுபடியும் மாற்றிய வடிவத்தைப் போட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் "பாட்டில் கை வைக்காதே" என்று ஒரு கட்சி, "பண்டிகை நாளில் எங்களை ஏன் புண்படுத்துகிறீர்கள்" என்று இன்னொரு கட்சி.

மெக்கால் 1992ல் தொலைக்காட்சியில் பாடும்போது தானே அந்தச் சொல்லை மாற்றிப் பாடினார். மெக்கவனிடம் கேட்டபோது 2018ல் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தப் பெண் நல்லவளாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை, அவள் பேசுகிற மாதிரி எழுதினேன், புரியாதவர்கள் மறைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாக்குவாதத்துக்கு மட்டும் வரமாட்டேன். பாட்டை எழுதியவருக்கே இல்லாத பிடிவாதம் ரசிகர்களுக்கு எங்கிருந்து வந்தது?

பாட்டு அவர்கள் வீட்டுப் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதனால்தான். ஒருவருக்கு அது அப்பா லண்டனில் கட்டட வேலை முடித்து வந்து கேட்ட பாட்டு, இன்னொருவருக்குப் பாட்டியின் பாட்டி கப்பல் ஏறிய ஊரை நினைத்துக்கொள்ள இருக்கும் ஒரே நாள். அதை யாராவது "போலி" என்றாலும் "தவறு" என்றாலும் தன் வீட்டையே சொன்ன மாதிரி சுடுகிறது. ஆனால் தன் வீட்டுக்கு வலிப்பது போலத்தான் எதிர்வீட்டுக்கும் வலிக்கும் என்பதை மட்டும் இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறது.

மெக்கவன் 2023 நவம்பர் 30 அன்று காலமானார். டிசம்பர் 8ல் டிப்பரேரியின் நீனா ஊரில் இறுதிச் சடங்கு நடந்தது. தேவாலயத்துக்குள் சவப்பெட்டி இருக்க, அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். அங்கே யாரும் யாரையும் எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்கவில்லை.