சூரியனோடு ஒரு ரேஸ்!

இன்டர்நெட்ல அந்த போட்டோவை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பீச்சுல ஜனங்க ஹாயா படுத்திருக்க, கை நீட்டினா தொட்டுடலாமோன்னு தோணுற உயரத்துல ஒரு ராட்சச விமானம் இறங்கும். கிராஃபிக்ஸ் இல்லீங்க, நிஜம்! கரீபியன் கடல்ல இருக்குற செயின்ட் மார்ட்டின் தீவு அது. ஒரே தீவு, ரெண்டு தேசம். வடக்கே பிரான்ஸ், தெற்கே டச்சுக்காரங்க. பீச்சோட பேரு மாஹோ. அதை ஒட்டி டச்சுப் பக்கத்துல இருக்குற விமான நிலையம்தான் பிரின்சஸ் ஜூலியானா. அந்த போட்டோவுல ஃபேமஸான கே.எல்.எம். ஜம்போ 747 இங்கே வர்றது 2016 அக்டோபரோட நின்னு போச்சு. ஆனா வேடிக்கை பார்க்கிற கூட்டம் மட்டும் நிக்கலை.

போட்டோவுல தெரியாத ஒரு டென்ஷன் இந்த ஏர்போர்ட்டுக்குள்ளே தினமும் நடக்குது. இறங்குற எல்லாருக்கும் இது கடைசி ஸ்டாப் இல்லை. சுத்தி சேபா, செயின்ட் பார்ட்ஸ், சின்ட் யூஸ்டேஷியஸ்னு குட்டிக் குட்டித் தீவுகள். அங்கெல்லாம் பெரிய ஜெட் இறங்க இடமே கிடையாது. இங்கே இறங்கி, குட்டி விமானத்துக்கு மாறணும். நம்ம ஊர் பாஷையில சொன்னா இது ஒரு ஜங்ஷன்!

இதுல ஸ்டூடன்ட்ஸ் கூட்டமும் உண்டு. ஏன்னா, 13 சதுர கிலோமீட்டரே இருக்குற சேபாவுல ஒரு மெடிக்கல் காலேஜ் இருக்கு. பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவிலிருந்து வர்ற பசங்க. ஜனவரி, மே, செப்டம்பர்னு வருஷத்துக்கு மூணு தடவை செமஸ்டர் ஆரம்பிக்கும்.

நீங்களே அப்படி ஒரு ஸ்டூடன்ட்னு வச்சுக்குவோம். நாளைக்குக் காலையில முதல் கிளாஸ். பகல் 2.45-க்கு செயின்ட் மார்ட்டின்ல இறங்குறீங்க. சேபா விமானம் 4 மணிக்கு. கையில இருக்கிறது 75 நிமிஷம். ரெடியா?

நிஜமான டெட்லைன்

'4 மணி போனா 7 மணி ஃப்ளைட்'னு சொல்ல இது சென்னை - பெங்களூர் ரூட் இல்லை பாஸ். சேபாவுலயும் செயின்ட் பார்ட்ஸ்லயும் ராத்திரி விமானம் இறங்காது. பகல் வெளிச்சம் இருந்தாதான் உண்டு. டிசம்பர்ல சூரியன் 5.40 வாக்குல மறைஞ்சிடும். ஜூன்ல 6.50 வரைக்கும் தாக்குப் பிடிக்கும். நம்ம ஊர் மாதிரியே, மறைஞ்ச கொஞ்ச நேரத்துல சட்டுனு இருட்டிடும். டிக்கெட்டுல என்ன டைம் போட்டிருந்தாலும், கடைசி பஸ்ஸுக்கு விசில் அடிக்கிற கண்டக்டர் சூரியன்தான்!

இன்னொரு விஷயம். இந்தத் தீவுகள்ல கடிகாரத்தை வருஷம் பூரா மாத்துறதே இல்லை. நியூயார்க்ல மாத்துவாங்க. அதனால கோடையில ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம். குளிர்காலத்துல தீவு ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். ஜனவரியில நியூயார்க்லேர்ந்து வர்றவர் வாட்ச்சைத் திருப்பி வைக்கலைன்னா, 75 நிமிஷம் இருக்குன்னு நம்பிட்டு இருக்கும்போது நிஜத்துல 15 நிமிஷம்தான் இருக்கும்!

வீட்டிலேயே முடிக்க வேண்டியது

இந்த ரேஸ்ல பாதி, விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது.

ஒண்ணு, ஆன்லைன் வருகைப் படிவம். போறதுக்கு முன்னாடியே நிரப்பி, ஒரு பிரின்ட் அவுட்டும் எடுத்து வச்சுக்குங்க. ஏர்போர்ட் வை-ஃபையை நம்பி கவுன்டர் முன்னாடி நின்னு டைப் அடிக்காதீங்க.

ரெண்டு, விசா. அமெரிக்காவுல விமானம் மட்டும் மாறினாலே இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்பாங்க. செயின்ட் மார்ட்டினுக்கும் நம்மாளுங்களுக்கு விசா விதிகள் உண்டு. 'நான் மாறத்தானே போறேன்'னு அதை விட்டுடாதீங்க. கனெக்‌ஷன் மிஸ் ஆனா, ராத்திரி தங்க ஊருக்குள்ளே போயாகணுமே! அதனால டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடியே அன்றைய விதியைத் தெளிவா கேட்டுக்குங்க.

மூணு, பெட்டியில ஒட்டுற டேக். கிளம்புற ஊர்லயே அதைப் படிச்சுப் பாருங்க. கடைசியா எஸ்.ஏ.பி.ன்னு இருந்தா பெட்டி சேபா வரைக்கும் போகும். எஸ்.எக்ஸ்.எம்.ன்னு நின்னுட்டா, செயின்ட் மார்ட்டின்ல நீங்கதான் அதைப் பொறுப்பெடுக்கணும். இந்த மூணு எழுத்து, உங்க 75 நிமிஷத்துல பாதியைக் காப்பாத்தும், இல்லை காலி பண்ணும்.

எந்த க்யூ?

டிசம்பர் நடுவுலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் இங்கே சீஸன். பனியிலேர்ந்து தப்பிச்சு வர்ற கூட்டம். அதுலயும் சனிக்கிழமை மதியம்னா, அமெரிக்கா, கனடா, ஐரோப்பா விமானங்கள் அடுத்தடுத்து இறங்கி, திருவிழா எஃபெக்ட்தான்.

கட்டிடம் என்னவோ புதுசு. 2017 செப்டம்பர் 6-ம் தேதி இர்மாங்கிற கேட்டகிரி 5 சூறாவளி பழைய டெர்மினலைக் கிழிச்சுப் போட்டுடுச்சு. டென்ட் போட்டுப் பயணிகளை அனுப்பினாங்க. திரும்பக் கட்டி முடிக்க 2024 ஆயிடுச்சு. ஆனா, ஒரே நேரத்துல நாலு விமானம் வந்தா எந்தப் புதுக் கட்டிடமும் திணறத்தான் செய்யும்.

இறங்கினதும் எல்லாரும் ஓடுற பக்கம் நீங்களும் ஓடாதீங்க. அது இமிக்ரேஷன் க்யூ. அதுக்குள்ளே மாட்டுறதுக்கு முன்னாடி, வேற தீவுக்கு மாறுறவங்களுக்கான ட்ரான்சிட் கவுன்டர் எங்கேன்னு பாருங்க. பாஸ்போர்ட், டிக்கெட், பேக் டேக் துண்டு மூணையும் கையில வச்சுக்கிட்டு அங்கே போங்க. பெட்டி எங்கே வரைக்கும் போகுது, நாம வெளியே போய் எடுக்கணுமா, இல்லை அவங்களே மாத்திடுவாங்களான்னு கேட்டுடுங்க. அப்புறம் மறுபடியும் செக்யூரிட்டி செக். தண்ணி பாட்டிலை முன்னாடியே காலி பண்ணிடுங்க.

முதல்ல வணக்கம்

கரீபியன்ல எழுதப்படாத சட்டம் ஒண்ணு இருக்கு. எவ்ளோ அவசரமா இருந்தாலும், முதல்ல 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லணும். பதில் வந்த பிறகுதான் மேட்டர். 'சேபா ஃப்ளைட் எங்கே?'ன்னு மூச்சிரைக்கப் போய்க் கேட்டா, அந்த ஊர்ல அது மரியாதைக் குறைச்சல். வீட்டுக்கு வர்றவன் செருப்பைக் கழட்டாம நேரா சமையல்கட்டுக்குள்ளே போனா நம்ம அம்மா எப்படிப் பார்ப்பாங்க? அதே லுக் கிடைக்கும்!

வணக்கம் சொல்ல ரெண்டு செகண்ட். அதுக்கப்புறம் உங்க டிக்கெட்டை நிதானமா நீட்டி, 'கடைசி ஃப்ளைட், நாளைக்கு கிளாஸ்'னு சொல்லிப் பாருங்க. எந்த வாசல், எவ்ளோ நேரம்னு அக்கறையா வழி காட்டுவாங்க. கத்துறவருக்கும் அதே வழிதான், ஆனா கொஞ்சம் லேட்டா தெரியவரும்.

19 சீட்

கேட்டைத் தாண்டினா ட்வின் ஓட்டர் நிக்கும். ரெண்டு இன்ஜின், 19 சீட், நம்ம மினி பஸ் சைஸ். 1961-ல் ஆரம்பிச்ச வின்ட்வேர்ட் ஐலண்ட்ஸ் ஏர்வேஸ், சுருக்கமா வின் ஏர், இந்த ரூட்ல ஓட்டுது. இங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. பெரிய சூட்கேஸ் அடுத்த விமானத்துல வரலாம். அதனால ஒரு ராத்திரிக்கான துணி, மருந்து, சார்ஜர், சர்ட்டிஃபிகேட் எல்லாம் முதுகுப் பையிலயே இருக்கட்டும். கொஞ்சம் அமெரிக்க டாலரும் வச்சுக்குங்க. சேபாவுல 2011-லேர்ந்து அதுதான் பணம். செயின்ட் மார்ட்டின்லயும் தாராளமா செல்லும்.

ஒருவேளை விமானம் போயிடுச்சா? உலகம் அழிஞ்சிடலை. முதல்ல கவுன்டர்ல மறுநாள் முதல் விமானத்துல சீட் போட்டுக்குங்க, அப்புறம் ரூம் தேடுங்க. ஆர்டர் மாறக்கூடாது. ரூம் எப்பவும் கிடைக்கும், 19 சீட் அப்படி இல்லை. சேபாவுக்கு ஃபெர்ரியும் இருக்கு. ஆனா எல்லா நேரமும் கிடைக்காதுங்கிறதால, அந்த டைம்டேபிளையும் முன்னாடியே குறிச்சு வச்சுக்குங்க.

400 மீட்டர்

மிஸ் ஆகலையா? அப்ப கொடுத்து வச்சவங்க. கால் மணி நேரப் பயணம்தான். கடலுக்கு நடுவுல செங்குத்தா ஒரு எரிமலை எழும்பி நிக்கும். அதோட ஓரத்துல ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி ஒரு கோடு. அதுதான் ரன்வே! நீளம் வெறும் 400 மீட்டர். ஸ்கூல் கிரவுண்டுல ஒரு ரவுண்டு ஓடுற தூரம். ரெண்டு முனையிலயும் பாறைச் சரிவு, கீழே கடல். பயணிகள் விமானம் இறங்குற ரன்வேக்கள்ல உலகத்துலயே சின்னது இதுதான்.

இந்த மலைத்தீவுல ரோடு போடவே முடியாதுன்னு டச்சு இன்ஜினியர்கள் ஒரு காலத்துல கையை விரிச்சிட்டாங்களாம். ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசெல்ங்கிற உள்ளூர்க்காரர், தபால் வழியில இன்ஜினியரிங் படிச்சிட்டு வந்து, ஊர் ஜனங்களோட சேர்ந்து கையாலயே போட்டுக் காட்டினார். ஆமாங்க, கரெஸ்பாண்டன்ஸ் கோர்ஸ்! ரன்வேக்கும் அதே கதைதான். ஊரே கூடிக் கல்லைப் பொறுக்கி இடத்தைச் சமன் பண்ணிக் கொடுக்க, 1959-ல் ரெமி டி ஹேனன் முதல் விமானத்தை இறக்கினார். 1963-ல் விமான நிலையம் திறந்தாங்க.

ஏர்போர்ட் வாசல்ல டாக்ஸி நிக்கும். மறக்காம முதல்ல 'குட் ஈவினிங்' சொல்லிட்டு ஏறுங்க. மலையைச் சுத்திச் சுத்தி ஏறி இறங்குற அந்த ரோடுதான் உங்களை காலேஜ் இருக்குற ஊருக்குக் கொண்டுபோகும். அந்த ஊருக்குப் பேரு 'தி பாட்டம்'. நாளைக்குக் காலையில அங்கேதான் முதல் கிளாஸ். போய்த் தூங்குங்க!