கூலி கேளாத நடை

மலைமீது ஏறுவதற்கு மனிதன் நெடுங்காலம் இரண்டு காரணங்களையே கொண்டிருந்தான். ஒன்று பிழைப்பு, மற்றொன்று வழிபாடு. தேனெடுக்கவும் தினை விதைக்கவும் ஏறினான். மலையில் உறையும் தெய்வத்தைத் தொழவும் ஏறினான். குறிஞ்சி நிலத்திற்குச் சேயோனைத் தெய்வமாக வகுத்த தமிழ் மரபில் இவ்விரண்டும் இணைந்தே நிற்கின்றன. இவ்விரு காரணங்களும் இன்றி, ஏறுவதற்காகவே ஏறுவோர் இன்று பெருகி வருகின்றனர். அவர்களை மலை ஈர்ப்பது எதனால்? இறங்கி வரும்போது அவர்கள் கொண்டு வருவது யாது?

இவ்வினாவை எழுப்பிப் பார்க்கப் பேராக் மாநிலம் பொருத்தமான களமாகும். கிந்தாப் பள்ளத்தாக்கில் அமைந்த ஈப்போ நகரைச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் சூழ்ந்து நிற்கின்றன. மேற்கே 808 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய கோர்பு. அதன் உயரம் 2,183 மீட்டர். விடுமுறை நாளின் விடியலில் கிளேடாங் அடிவாரத்திற்குச் சென்றால் ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர், ஓய்வு பெற்றோர் எனப் பலரையும் காணலாம். அவர்களிடையே தோட்டத்தில் பிறந்து நகரில் குடியேறிய தமிழரும் அவர்தம் மக்களும் உள்ளனர்.

இத்தோட்டத் தொடர்பு சிந்திக்கத்தக்கது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பரந்து விரிந்த தோட்டங்களில் தமிழர் பல்லாயிரவர் உழைத்தனர். அவர்களுக்கு நடை புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர். மேட்டிலும் பள்ளத்திலும் நிரை நிரையாக நின்ற பால்மரங்களை நாடி நடந்தனர். நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்டியபின், மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து மீண்டும் அவ்வழியே நடந்தனர். அந்நடையின் பயன் தராசில் நிறுக்கப்பட்டது. எங்கே தொடங்குவது, எப்போது நிற்பது என்பதைப் பிறரே வகுத்தனர்.

ஆகவே, பேரன் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படும்போது, பால் வெட்டிக் கால் தேய்ந்த பாட்டிக்கு வியப்புத் தோன்றுவது இயல்பே. "கூலியும் இல்ல, நேர்த்திக்கடனும் இல்ல, பிறகு எதுக்கய்யா ஏறுற?" என்று அவள் கேட்டால், அதை அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. வயிற்றுக்காக நடந்த நடையை அவள் அறிவாள். தைப்பூசத்தன்று குனோங் சீரோ குகைக்கோயிலுக்குப் பால்குடம் சுமந்து நடந்த நடையையும் அறிவாள். தனக்கென்று நடக்கும் நடையை அறியத்தான் காலம் அவளுக்கு இடம் தரவில்லை.

மலையேறுவோர் அடையும் முதற்பேறு இதுவே எனலாம். அதே வியர்வை, அதே மூச்சிரைப்பு, ஈரச் சருகில் காத்திருக்கும் அதே அட்டை. ஆயினும் அடுத்த அடியை எடுத்து வைப்பதா, பாறைமீது சற்றே அமர்வதா என்பதை ஏறுபவனே முடிவு செய்கிறான். உழைப்பின் உரிமை உழைப்பவனிடமே திரும்பி வருகிறது.

இரண்டாவது பேறு துணைமை. கோர்பு போன்ற மலைக்கு வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன், காட்டில் இரவு தங்கிச் செல்வர். அங்கே பதவியும் ஊதியமும் பேசுவதில்லை. குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே அனைவரின் வேகமாகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்று வகுப்பறையில் மனனம் செய்த மாணவன், அங்கே அதைத் தன் தோலால் உணர்கிறான். மரங்கள் குறுகிப் பாசி போர்த்து நிற்பதையும் கெண்டிச்செடி பூச்சிக்காகக் காத்திருப்பதையும் கண்ணால் காண்கிறான்.

மூன்றாவது பேறு சற்றே கசப்பானது. உயரத்தில் நின்று நோக்குபவனுக்கு நிலத்தின் மாற்றம் முழுமையாகத் தெரிகிறது. இரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தன் பெற்றோரின் உலகம் முழுவதும் ஒரு பார்வைக்குள் அடங்கிவிடக் காணும் இளைஞனுக்குத் துயரம் எழுகிறது. அத்துயரத்துடன், அச்சிறு வட்டத்துக்குள் அவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்ற மதிப்பும் எழுகிறது.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தனர். அச்சிகரத்தை எட்டிய முதல் மலேசியர் அவர்களே. அப்புகழ் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கிளேடாங் ஏறுவோர் அதனை நாடுவதும் இல்லை. ஞாயிறு காலையில் ஏறி, நண்பகலில் இறங்கி, திங்களன்று வேலைக்குச் செல்வோரே மிகப் பலர்.

ஆசிரியர்கள் தம் மாணவரை ஒருநாள் இம்மலைகளுக்கு அழைத்துச் செல்வார்களாக. பாட்டியின் கேள்வியையும் அம்மாணவர் உடன்கொண்டு செல்லட்டும். சொற்களால் அதற்கு விடை கூறுவது அரிது. கிளேடாங் மலைக்குத் தார்ச்சாலை உண்டு. முடியுமாயின், பாட்டியையும் கைப்பிடித்து அச்சாலையில் சிறிது தூரம் நடத்திச் செல்லலாம். அவள் விரும்பிய இடத்தில் நிற்கட்டும்; விரும்பிய நேரத்தில் திரும்பட்டும்.