மதுரை பஸ்ஸிலிருந்து நார்ட்டன் பைக் வரை

விடியற்காலையில் மேலூர் ரோட்டில் நின்று பாருங்கள். முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் ஒரு கூடை, நடுவில் ஒரு ஆள் என்று டிவிஎஸ் ஃபிப்டிகள் மாட்டுத்தாவணி மார்க்கெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். புது வண்டியின் பெயர் எக்ஸ்.எல். 100 என்று மாறிவிட்டாலும் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் ஃபிப்டிதான். அந்த வண்டியைச் செய்யும் நிறுவனம்தான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நார்ட்டன் மோட்டார்சைக்கிளுக்கும் முதலாளி என்றால் நம்புவீர்களா?

கதை மதுரையில்தான் ஆரம்பிக்கிறது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் இங்கே பஸ் தொழிலைத் தொடங்கினார். பஸ் ஓட்டுவது வேறு, பஸ்ஸுக்கான பாகங்களைச் செய்வது வேறு. அந்தத் தொழில்நுட்பம் அப்போது வெளிநாட்டுக்காரர்களிடம் இருந்தது. அதனால் அவருடைய குடும்பத்தினர் கூட்டுச் சேர்ந்தார்கள். 1961-ல் பிரிட்டனின் லூகாஸுடன் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. அடுத்த ஆண்டு கிளேட்டன் நிறுவனத்துடன் சேர்ந்து சுந்தரம்-கிளேட்டன் வந்தது. முதலாவதில் வண்டிகளுக்கான மின்சாதனங்கள், இரண்டாவதில் ஏர் பிரேக். வந்தவர்களுக்கு இந்தியச் சந்தை கிடைத்தது, இங்கிருந்தவர்களுக்குத் தொழில் கிடைத்தது.

1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 பிறந்தது. மொபெட் செய்தாயிற்று, மோட்டார்சைக்கிள்? அதற்கு ஜப்பானின் சுஸுகியுடன் கூட்டு. 1984-ல் இண்ட்-சுஸுகி பைக் சாலைக்கு வந்தது. ஆனால் 2001-ல் இருவரும் பிரிந்தார்கள். ஜப்பான்காரர் போய்விட்டால் இனி யார் எஞ்சின் செய்வது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அதே ஆண்டில் சொந்த வடிவமைப்பில் 'விக்டர்' வந்தது, நன்றாக விற்கவும் செய்தது. பதில் கிடைத்துவிட்டது.

கூட்டணியின் உண்மையான பரீட்சை இதுதான். சேர்ந்திருக்கும்போது எவ்வளவு விற்றது என்பதல்ல, பிரிந்த பிறகு கையில் என்ன மிஞ்சியது என்பதுதான். 1998-ல் ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் உலகமே வியக்க ஒன்றாயின. 2007-ல் கிரைஸ்லரின் பெரும்பங்கை டைம்லர் விற்றுவிட்டு ஒதுங்கியது. அளவு பெரிதானால் மட்டும் போதாது!

2013-ல் பி.எம்.டபிள்யூ டிவிஎஸ்ஸுடன் கை கோத்தது. அந்த ஜெர்மன் கம்பெனியின் சிறிய பைக்குகள் ஓசூரில் தயாராகி உலகமெங்கும் போயின. 2020 ஏப்ரலில், திவாலாகிக் கிடந்த நார்ட்டனை டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 1898-ல் தொடங்கிய பெயர் அது. தொழிற்சாலையைப் புதிதாகக் கட்டிவிடலாம், நூறு வருடப் பெயரைக் கட்ட முடியாது. அதனால்தான் பெரிய கம்பெனிகள் சின்னக் கம்பெனிகளை வாங்கினாலும் பல சமயம் பெயரை மட்டும் மாற்றுவதில்லை.

ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்களிடம் பாகம் செய்யக் கற்றுக்கொண்ட வீடு, அதே நாட்டின் பழைய பெயரைக் காப்பாற்றும் பொறுப்பை இன்று ஏற்றிருக்கிறது. நார்ட்டன் லாபம் தருமா என்பதைக் காலம் சொல்லும். கற்றுக்கொள்ளத்தான் கூட்டு என்பதை மட்டும் மதுரைக்காரர்கள் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.