சேவல் கூவிய பாட்டு



பாட்டைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் தையல் மெஷினை நம்பிச் சீவிப்பவள். சங்கீதம் படித்தவள் அல்ல. ஆனாலும் எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண்ணின் பாட்டுத் தொகுப்பு, நான் செய்யவிருந்த ஒரு பெரிய பிழையைத் தடுத்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் என் கதை. எங்கள் வீட்டில் ஒரு ரேப் றெக்கோடரும், ஒரு பிஸ்கற் ரின் நிறையக் கசெற்றுகளும் இருந்தன. அதில் ஒன்றில் இவர் எங்கள் மூத்த மகளுக்குக் கதை சொல்லும் குரல் பதிவாகி இருந்தது. 2009 இல் இடத்துக்கு இடம் ஓடியபோது, பிள்ளைகளைத் தூக்குவதா, ரின்னைத் தூக்குவதா என்ற நிலையில் அதை விட்டுவிட்டு வந்தோம். அதே ஆண்டில் இவரையும் இழந்தேன். பின்னர் இவருடைய படம் ஒன்று உறவினர் வீட்டிலிருந்து கிடைத்தது. குரல் எங்கும் கிடைக்கவில்லை. "அப்பா எப்படிக் கதைப்பார்?" என்று இளைய மகன் கேட்டால், அதை நான் எப்படிச் சொல்லிக் காட்டுவது?

அதனால்தான் அம்மாவின் குரலையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அரிவி வெட்டுப் பாட்டு, தாலாட்டு என்று எத்தனையோ தெரியும். கையில் போன் வந்த பிறகு ஒருநாள் குசினியில் வைத்துப் பதிவு செய்தேன். நாலு நிமிடம். கேட்டுப் பார்த்தால் பாட்டுக்கு நடுவே சேவல் கூவுகிறது, தேங்காய் திருவும் சத்தம் கேட்கிறது, "அடுப்பைப் பார் பிள்ளை" என்று நான் கத்துவதும் கேட்கிறது. இது சரிவராது, அமைதியான ஒரு நாளில் நல்லபடியாக எடுப்போம் என்று விட்டுவிட்டேன். அந்த அமைதியான நாள் வரவே இல்லை. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோனது.

மொன்றியலில் இருக்கும் என் பெறாமகளிடம் இதைச் சொல்லி அழுதேன். "ஒண்டே ஒண்டு கிடக்குது, அதுவும் ஒரே இரைச்சல். அழிக்கப் போறன்" என்றேன்.

"சின்னம்மா, உதை அழிச்சுப் போடாதேங்கோ. முதல்ல நான் அனுப்புறதைக் கேளுங்கோ" என்றாள்.

அவள் அனுப்பியது 'பேர்ட் பிரெய்ன்ஸ்' என்ற இசைத்தொகுப்பு. 2009 இல் வெளிவந்தது. 'டியூன் யார்ட்ஸ்' என்பது இசைக்குழுவின் பெயர். குழு என்று சொன்னாலும் அந்த நாளில் அதில் இருந்தது ஒருத்திதான். மெரில் கார்பஸ் என்பது அவருடைய பெயர். பாவைக்கூத்து ஆட்டிய பெண். மார்த்தாஸ் வின்யாட் என்ற தீவில் பிள்ளை பார்க்கும் வேலையும் செய்திருக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக அவரிடம் வசதி இல்லை. கையில் இருந்தது, அலுவலகங்களில் பேச்சுப் பதிவு செய்யப் பாவிக்கும் சிறிய குரல்பதிவுக் கருவி ஒன்று. அதையே வைத்துத் தன் குரலையும், மேளத்தையும், யூகலேலி என்ற நாலு தந்தி வாத்தியத்தையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். யூகலேலி என்பது கிற்றாரின் தங்கச்சி மாதிரி இருக்கும். பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தன் ஒரு குரலையே பல குரலாக்கிப் பாட்டாக்கினார். முதலில் அதைப் பழைய கசெற்றுகளிலேயே பதிந்து வெளியிட்டார். நாங்கள் கசெற்றுகளைக் கைவிட்ட அதே ஆண்டுதான் இந்தப் பாட்டுகள் உலகுக்குத் தெரிய வந்தன என்று அறிந்தபோது, எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது.

முதல்முறை கேட்டபோது என் போன் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். குரல் கரகரக்கிறது. மேளம் தகரத்தில் தட்டுவது போல் இருக்கிறது. இடையிடையே குழந்தையின் பேச்சும் கேட்கிறது. திடீரென்று குரல் உச்சத்துக்குப் போய்க் கத்துகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலமும் விளங்கவில்லை. இரண்டாம் முறை தையல் தைத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்தச் சத்தங்கள் வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் அந்தக் கருவியோடு ஒரு பாட்டும் பிறந்திருக்காது. ஒரு பெண் எங்கே இருந்தாளோ, எந்த வேலை செய்தாளோ, அந்த இடத்தின் சத்தமும் பாட்டுக்குள் இருந்தது.

பெயரின் பொருளையும் பெறாமகள் சொன்னாள். ஆங்கிலத்தில் ஒருவரைப் 'பறவை மூளை' என்றால் அறிவில்லாதவர் என்று ஏளனம் செய்வதாம். எங்களை நோக்கியும் அப்படி எத்தனை சொற்கள் வந்திருக்கின்றன! இவரோ அதையே தன் தொகுப்புக்குப் பெயராக வைத்துவிட்டார்.

அந்தத் தொகுப்பைப் பிறகு 4 ஏடி என்ற பிரித்தானிய இசை நிறுவனம் எடுத்து வெளியிட்டது. 2011 இல் வந்த அடுத்த தொகுப்பு முறையான கூடத்தில் பதிவானது. நேற் பிரென்னர் என்ற இசைக்கலைஞரும் அதில் சேர்ந்துகொண்டார். நியூயோர்க்கின் 'விலேஜ் வொய்ஸ்' பத்திரிகை விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் அது அந்த ஆண்டின் முதலிடத்தைப் பெற்றது. கூடம் பிறகுதான் வந்தது. முதலில் இருந்தது அந்தச் சிறு கருவி மட்டுமே.

அன்றிரவு அம்மாவின் பாயருகே இருந்து அந்த நாலு நிமிடத்தையும் போட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சேவல் கூவியது. நான் "அடுப்பைப் பார் பிள்ளை" என்று கத்தினேன். அந்த இடத்தில் அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. சுகமான இடக்கையால் பாயில் மெதுவாகத் தட்டினார். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரைச்சல் இல்லாத பதிவாக இருந்திருந்தால், அந்தக் குசினியும் அந்தக் காலை நேரமும் அதில் இருந்திருக்காது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தாயோ, மாமியோ, பெத்தாச்சியோ இருப்பார். அமைதியான நாளைப் பார்த்திருக்காதீர்கள். நாய் குரைத்தாலும், பஸ் போனாலும், பிள்ளை அழுதாலும் போனை அருகில் வைத்துப் பதியுங்கள். பாட்டுத் தெரியாவிட்டால் கதை சொல்லச் சொல்லுங்கள், அல்லது புட்டு அவிக்கும் பக்குவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பதிந்ததை ஒரு போனில் மட்டும் வைத்திருக்காமல் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். என் அம்மாவின் நாலு நிமிடம் இப்போது என்னிடமும், மகளிடமும், மொன்றியலிலும் இருக்கிறது. இனி எங்கே ஓட நேர்ந்தாலும் அது எல்லோரிடமிருந்தும் ஒரேயடியாகத் தொலையாது.