புகைக்குழாய்

மரக்காணம் உப்பளத்தில் ஆயில் எஞ்சினின் புகைக்குழாயை மாற்றினோம். உப்புக்காற்றில் இரும்பு பொரிந்து, வளைவில் விரல் நுழையும் ஓட்டை. பாய்மரப் படகென்றால் ரப்பர் குழாய். கடல்நீரையே உள்ளே பீய்ச்சிப் புகையைக் குளிர்விப்பார்கள். எங்களுக்கு அந்த உபகாரமில்லை, வெறும் இரும்பு.

இரவு இறைப்பின்போது அண்ணன் அந்தக் கொட்டகையில்தான் படுப்பார். விடிந்ததும் தலைவலி. வெயிலின் கணக்கில் எழுதிவிட்டோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். டீசல் நாற்றத்துக்குப் பழகியதையே நாங்கள் பத்திரம் என்று நினைத்திருக்கிறோம்.

போல்ட்டுகள் துருவில் ஒன்றாகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, கடைசியில் உளியால் வெட்டினோம். புதுக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி, மழை இறங்காதபடி நுனியை வளைத்தோம்.

"சத்தம் மாறிப்போச்சே" என்றார் அண்ணன். அன்றிரவு கயிற்றுக் கட்டிலை வெளியே, வரப்போரமாகப் போட்டுக்கொண்டார்.